பல்லிச் சத்தம்

ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்பது முதலில் காதுக்குத்தான் தெரியும். 1994-இல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், டிஸ்க்கைக் காதோரம் பிடித்துக் கேட்காமல் வந்தவரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். சத்தங்களுக்கு அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன். ‘டிக்... டிக்... டிக்...’ என்று விட்டுவிட்டுக் கேட்டால் பல்லி. உள்ளே ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப்போய்த் திரும்புகிறது. மெல்லிய முனகல் மட்டும் வந்து அடங்கினால் வண்டு. தட்டு சுழலவில்லை; மோட்டார் இறுகியிருக்கும், அல்லது ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் பயங்கரம். தேங்காய் துருவுகிற சத்தம். அது கேட்ட நொடியே கரண்ட்டைப் பிடுங்க வேண்டும். தட்டின் மேல் பூசிய காந்தப் பூச்சை ஹெட் சுரண்டிக்கொண்டிருக்கிறது. உதிர்கிற கறுப்புத் தூள்தான் வந்தவருடைய கணக்கும் கடிதமும்.

சத்தமே வரவில்லை என்றால் அண்ணன் முகம் மலரும். நோய் வெளியே பச்சைப் போர்டில் இருக்கிறது, தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தம். எக்ஸ்டர்னல் டிஸ்க் பரவலான பிறகு இது மாதம் இரண்டாவது வரும். 12 வோல்ட் அடாப்டர் போட வேண்டிய இடத்தில் பக்கத்திலிருந்த 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் சொருகியிருப்பார்கள். போர்டின் வாசலில் காவலுக்கு நிற்கும் சின்ன டிவிஎஸ் டையோடு அந்த வெள்ளத்தைத் தன்மேல் வாங்கி ஷார்ட் ஆகிச் செத்திருக்கும். அதைச் சால்டரிங் அயர்னால் எடுத்துப்போட்டால் பெரும்பாலும் டிஸ்க் எழுந்துவிடும். அரிசியில் பாதி அளவு இருக்கும் அந்த டையோடு. எத்தனையோ பேருடைய பத்து வருட உழைப்பை அது தன் உயிரைக் கொடுத்துக் காத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் என்று ஊர் சொல்வது ஒரு தெருவை மட்டும் அல்ல. அண்ணா சாலையை விட்டுச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, இவற்றைத் தைத்துப்போகும் சந்துகள் எல்லாமே அந்தப் பெயருக்குள் அடக்கம். மீரான் சாகிப் தெரு சினிமா விநியோகக் கம்பெனிகளின் தெரு. நான் வந்த காலத்தில் படப்பெட்டிகள் ஏறி இறங்குவதைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே இந்தத் தெருக்கள் ரேடியோ உதிரிபாகத் தெருக்கள். வால்வு, கண்டன்சர், ஸ்பீக்கர் கோன் விற்றவர்கள் பிறகு டிவிக்கு மாறினார்கள், விசிஆருக்கு மாறினார்கள், கம்ப்யூட்டர் போர்டு வந்தபோது அதையும் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

இதை நான் பெருமையோடு சொல்கிறேன். எங்கள் தெருவில் டேட்டா எடுக்கும் தொழில் கல்லூரியிலிருந்து வரவில்லை, ரேடியோ மேஜையிலிருந்து வந்தது. மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், காது. என் அண்ணன் பத்தாம் வகுப்பு. டிரான்சிஸ்டர் ரேடியோவில் எந்த ஸ்டேஜ் செத்திருக்கிறது என்று ஸ்பீக்கர் இரைச்சலை வைத்தே சொன்னவர். அதே காதைத்தான் டிஸ்க்குக்கும் கொடுத்தார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, படித்த தைரியத்தோடு வந்து, அவருக்குக் கீழே உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நாங்கள் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் 420 எம்.பி. டிஸ்க் என்றால் பெரிது. பயாஸ் தானாக எதையும் கண்டுபிடிக்காத மெஷின்கள் அப்போதும் நிறைய இருந்தன. டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்து, சிலிண்டர் இத்தனை, ஹெட் இத்தனை, செக்டார் இத்தனை என்று ‘டைப் 47’ என்ற வரியில் நாமே தட்ட வேண்டும். போர்டிலிருக்கும் பேட்டரி தீர்ந்தால் அந்த மூன்று எண்ணும் மறந்துபோகும், டிஸ்க்கே காணாமல் போய்விடும். வியாபாரிகள் வெலவெலத்துப்போய் ஓடி வருவார்கள். அண்ணன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார்; தான் விற்ற ஒவ்வொரு டிஸ்க்கின் மூன்று எண்களும் வாங்கியவர் பெயரோடு அதில் இருக்கும். நான் பார்த்த முதல் ‘டேட்டா ரெக்கவரி’ அந்த நோட்டைப் புரட்டியதுதான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் மூன்று வருடக் கணக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது. வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அழித்த ஃபைலை மீட்பதும் அப்போது எளிது. டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது ஃபைலை ஒன்றும் செய்வதில்லை. பட்டியலில் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அழித்து, திரையில் பார்த்தால் சிக்மா போலத் தெரிகிற ஒரு குறியை அங்கே வைக்கும். அந்த இடம் காலி என்று அதற்கு அர்த்தம். மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை உள்ளே எல்லாம் அப்படியே கிடக்கும். 1982-இல் பீட்டர் நார்ட்டன் கொண்டுவந்த யூட்டிலிட்டீஸ் இந்த ஒரு ஓட்டையை நம்பித்தான் பேர் வாங்கியது; பிறகு 1991-இல் டாஸ் 5-லேயே அன்டெலீட் வந்தது. அது கேட்கும் ஒரே கேள்வி, பெயரின் முதல் எழுத்து என்ன என்பது. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ‘பி’யா ‘டி’யா என்று யோசிப்பார். அந்த நேரத்தில் அண்ணன் மானிட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். “அவங்க வீட்டு விஷயம். நாம எதுக்குப் பாக்கணும்?” என் கடையில் இன்றும் மானிட்டர் திரும்பித்தான் நிற்கிறது.

இப்படி எல்லாம் எளிதாக வந்ததில்தான் எனக்குத் தப்பான துணிச்சல் வந்தது. 1997-இல் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து டிஸ்க் வந்தது. ஒரு பள்ளியின் ஆண்டு மலர் முழுவதும் அதில் வடிவமைத்து முடித்திருந்தார்கள். மெஷின் ஆன் ஆகிறது, ஃபைல் திறக்கும்போது நிற்கிறது, நடுவில் ஒரு ‘டிக்’. அண்ணன் ஊரில் இல்லை. நான் ஸ்கேன்டிஸ்க்கைப் போட்டு, எல்லாவற்றையும் சரிசெய் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ‘ஃபைல்0000’, ‘ஃபைல்0001’ என்று தொடங்கி முந்நூறுக்கும் மேல் துண்டுகள். பெயர் கிடையாது. எது எந்தப் பக்கத்தின் துண்டு என்று தெரியாது. அவற்றை நகலெடுக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் டிஸ்க் துருவ ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

அச்சக உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. பழைய புரூஃப் தாள்கள் கொஞ்சம் இருந்தன. பதினொரு நாள் சாயங்காலம் நான் அங்கே போய் உட்கார்ந்து அந்தத் தாள்களை உரக்கப் படித்தேன். அவருடைய மனைவி திரும்பத் தட்டினார். தலைமையாசிரியர் வாழ்த்துரை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கவிதை, விளையாட்டு விழாப் பரிசுப் பட்டியல். அண்ணன் திரும்பி வந்து கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “சாகக் கிடக்கிறவன்கிட்ட ஒரு கேள்விதான்டா கேக்கலாம். நீ ராத்திரி பூரா விசாரணை வெச்சிருக்க.”

முப்பது வருடத்தில் இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது என்று என்னைக் கேட்டால், கை வைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அதன் வளர்ச்சி என்பேன். ஏன் என்று விளங்க அந்தப் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1956-இல் ஐபிஎம் சான் ஹோசேயில் செய்த முதல் டிஸ்க், ராமாக் மெஷினோடு வந்தது. இரண்டடி அகலத் தட்டுகள் 50. எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனைக்கும் ஐம்பது லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்றை ஊதி, சுமார் 20 மைக்ரான் இடைவெளியில் ஹெட்டை மிதக்கவிட்டார்கள். நம் தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1973-இல் வந்த வின்செஸ்டர் டிஸ்க்கில் தட்டும் ஹெட்டும் ஒரே மூடிய பெட்டிக்குள் போயின; தட்டு சுழலும் வேகத்தில் எழும் காற்றே ஹெட்டைத் தூக்கியது. 1980-இல் சீகேட் அதை 5 எம்.பி.யில் மேஜை மெஷினுக்குள் வைத்தது. 1988-இல் பிரெய்ரிடெக் என்ற கம்பெனி உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. லேப்டாப்புக்குள் வந்ததெல்லாம் அந்த அளவின் வாரிசுகள்.

கொள்ளளவு ஏற ஏற இடைவெளி இறங்கியது. இப்போதைய டிஸ்க்கில் ஹெட் மிதப்பது சில நானோமீட்டர் உயரத்தில். சிகரெட் புகையின் ஒரு துகள்கூட அதற்கு மலை. லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. நிமிடத்துக்கு 5,400 சுற்று, நொடிக்கு 90. பஸ்ஸில் மடியில் வைத்து வேலை செய்துகொண்டே போகிற ஒரு பொருளுக்குள் இது நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. திடீரென்று கரண்ட் போனால் அந்த டிஸ்க் என்ன செய்யும் தெரியுமா? சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்தையே மின்சாரமாக்கி, மோட்டாரை ஜெனரேட்டராக்கி, அந்தக் கடைசி மூச்சில் ஹெட்டைத் தட்டிலிருந்து தூக்கி ஓரத்துச் சாய்வுப் படியில் பத்திரமாக ஏற்றி வைத்துவிடும். மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்த வருடங்களில் தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் முறை இது நடந்திருக்கும்! யாருக்கும் தெரியாது. டிஸ்க்கும் சொல்லிக்கொள்ளாது.

ஆனால் ஒரு ஹெட் லேசாகப் பழுதுபட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை படிப்பதும் கைமுதலிலிருந்து செலவுதான். படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முட்டும். விண்டோஸும் தன் பங்குக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘லேப்டாப் ரொம்ப ஸ்லோ’ என்று ரேம் மாற்ற வருகிறவர்களில் பலருக்கு நிஜ நோய் இதுதான். நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விதான்: கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. பயத்தில் இருக்கிறவர் ஆன் செய்து ஆன் செய்துதான் பார்ப்பார். அது மனித இயல்பு.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பெழுதி வைக்கும் வழக்கம் 1992-இல் ஐபிஎம்மில் தொடங்கி, 1995-இல் காம்பேக் வழியாகப் பரவி, ஸ்மார்ட் என்ற பெயரில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது. அதில் முப்பது நாற்பது வரி இருக்கும். என் கண் மூன்றைத்தான் தேடும். ஐந்தாம் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197, கெட்டதா நல்லதா என்று டிஸ்க்கே முடிவுகட்டாமல் நிலுவையில் வைத்திருப்பவை. 198, படிக்கவே முடியாதவை. நிலுவை பூஜ்யமாக இல்லாவிட்டால் நான் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்வதில்லை. அதே சமயம் பூஜ்யத்தையும் நம்ப முடியாது. 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எண்களில் ஒன்றிலும் அடையாளம் காட்டவில்லை. ஆனால் ஸ்கேனில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாக மற்றவற்றைவிட 39 மடங்கு வாய்ப்பு என்றும் அதில் இருந்தது. அண்ணன் காதால் சொன்னதை அவர்கள் எண்ணால் சொன்னார்கள். ஒரு டிக் கேட்டால் நகல் எடு.

நகல் எடுப்பதில்தான் பெரிய மாற்றம் வந்தது. 2004-இல் அன்டோனியோ டயஸ் டயஸ் எழுதி இலவசமாக விட்ட டிடிரெஸ்க்யூ நிரல் எங்கள் வேலையைத் தலைகீழாக்கியது. பழைய நிரல்கள் கெட்ட இடத்தில் நின்று மல்லுக்கட்டும். இது மோதியவுடன் தாண்டிப் போகும். நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, எது வந்தது எது வரவில்லை என்று ஒரு வரைபடம் எழுதிவைத்து, மிச்சத்துக்குப் பிறகு திரும்பி வரும். முன்னாலிருந்து வராவிட்டால் பின்னாலிருந்து வரும். நடுவில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டு மறுநாள் தொடரலாம். அறுவடையில் முதலில் நிற்கிற கதிரை அறுத்து, சாய்ந்ததற்குப் பிறகு வருகிறோமே, அந்தப் புத்தி. அதன் பின் ஸ்கேன், ரிப்பேர் எல்லாம் நகலின் மேல்தான். மூலத்தைப் பைக்குள் போட்டுப் பூட்டிவிடலாம்.

ஹெட்டே செத்துவிட்டால் நகலும் முடியாது. திறந்து, அதே மாடலின் வேறொரு டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்து மாற்ற வேண்டும். அந்த இன்னொன்றுக்கு டோனர் என்று பெயர். மாடல் ஒன்றானால் போதாது. ஃபர்ம்வேர், தயாரித்த மாதம், தாய்லாந்தா மலேசியாவா என்பதுவரை ஒத்துப்போக வேண்டும். போர்டு மாற்றுவதுகூட 2000-க்குப் பிறகு எளிதல்ல. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஹெட்டுக்கு ஏற்ற அளவுகளைத் தன் போர்டின் எட்டுக்கால் சிப்பில் எழுதி வைத்திருக்கும். அந்தச் சிப்பைக் கழற்றிப் புதுப் போர்டில் வைக்காவிட்டால் பல்லிதான். டிஸ்க்கின் உள் ஃபர்ம்வேரோடு பேச, ரஷ்யாவின் ரோஸ்டோவ் நகரத்தில் தொடங்கிய ஏஸ் லேப் கம்பெனியின் பிசி-3000 கருவிதான் உலகம் முழுக்க. அதை வாங்க நானும் ஒரு கூட்டாளியும் நகையை அடகு வைத்தோம்.

அதற்கு முந்தின காலத்தில் தெருவில் ஓடிய வைத்தியங்களையும் பதிவு செய்துவிடுகிறேன். டிஸ்க்கைப் பாலிதீன் பையில் கட்டி ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஒரு ராத்திரி வைப்பார்கள். ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுவார்கள். மணிக்கட்டைச் சடக்கென்று திருப்பி, ஒட்டிக்கொண்ட தட்டைப் பிரிப்பார்கள். பழைய டிஸ்க்குகளில் இவை சில முறை பலித்தன, நானே பார்த்திருக்கிறேன். இப்போதைய இடைவெளியில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் தட்டில் பூக்கிற வியர்வை ஒன்றே போதும், ஹெட்டைக் கொன்றுவிடும். இன்றும் ஐஸில் வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கு அதைச் சொன்னவர்களே எங்கள் தெருக்காரர்களாக இருக்கலாம்.

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு ஊருக்குள் புகுந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் துணிப்பையில் லேப்டாப்புகள் வந்தன. டிஸ்க்கின் மூடியில் குண்டூசித் தலை அளவு மூச்சுத்துளை ஒன்று இருக்கும், இதை மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அதன் வழியாகத்தான் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. வெயிலில் காயவைத்தவர்களின் டிஸ்க்குகளில் சேறு தட்டோடு காய்ந்து ஒட்டிவிட்டது. மொட்டை மாடியில் பாயில் பரப்பி, ஹேர் டிரையர் பிடித்து... பாவம், எல்லாம் அக்கறையில் செய்தது. ஈரத்தோடு கவரில் போட்டுக் கட்டி அப்படியே எடுத்து வந்த சிலருக்குத்தான் பெரும்பங்கு கிடைத்தது. அந்த மாதம் நான் வாயால் சொல்லி அலுத்து, கடை வாசலில் அட்டையில் எழுதியே தொங்கவிட்டேன்: ‘நனைந்த டிஸ்க்கைக் காயவைக்காதீர்கள். ஆன் செய்யாதீர்கள்.’

எவ்வளவு மோசமான டிஸ்க்கிலும் முதலில் கைவிரிக்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கொலம்பியா விண்கலம். 2003 பிப்ரவரி 1-இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரோடு அது வானத்தில் சிதறியபோது, அதிலிருந்த ஒரு பரிசோதனையின் டிஸ்க் கருகிப்போய்த் தரையில் கிடந்தது. அமெரிக்காவின் ஆன்ட்ராக் என்ற டேட்டா ரெக்கவரி கம்பெனியின் கூடத்தில் அதன் தட்டுகளைக் கழுவி வேறொரு டிரைவில் ஏற்றிச் சுமார் 99 சதவீதம் படித்துவிட்டார்கள். செனான் வாயுவைப் பற்றிய அந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது.

தமிழில் இந்த வேலைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. அதைச் சொல்ல ஒரு பத்திர எழுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016-இல் மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்தார், அறுபது வயதைத் தாண்டியவர். லேப்டாப் மெதுவாகிவிட்டதென்று யாரிடமோ கொடுக்க, அவர்கள் அந்தச் சாகிற டிஸ்க்கிலேயே ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பதிவான பத்திரத்துக்கு அலுவலகத்தில் நகல் இருக்கும். பதிவாகாத வரைவுகளும் மூலப் பத்திரக் குறிப்புகளும் இவரிடம் மட்டும்தான். “பன்னண்டு வருஷம் தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

500 ஜி.பி. டிஸ்க். 97,67,73,168 செக்டார்கள். நல்ல டிஸ்க்காக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் நகலாகிவிடும். இது ஆறு நாள் எடுத்தது. பல்லிச் சத்தம் மூன்றுக்கு மேல் கேட்டால் நிறுத்துவேன், சின்ன ஃபேன் போட்டு ஆறவைப்பேன், மறுபடி தொடங்குவேன். ஆறாம் நாள் சாயங்காலம் வரைபடத்தில் கொஞ்சம்தான் சிவப்பு மிச்சம். ஆனால் ஃபைல்களின் பெயர்ப் பட்டியல் இருந்த இடத்தில் புது விண்டோஸ் உட்கார்ந்திருந்தது. பெயரை விட்டுவிட்டு எழுத்தைத்தான் தேட வேண்டும். எந்த எழுத்தை?

அவர் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். கம்ப்யூட்டருக்கு அது தமிழே அல்ல. திரையில் க போல வரைந்து காட்டப்படும் எஃப், அவ்வளவுதான். நான் ஒரு தாளில் கிரையம் என்று எழுதி, அதை விசையாக மாற்றினேன்: எஃப், பி, ஐ, யூ, ஏ, கே, அரைப்புள்ளி. ‘ரை’யில் கொம்பு முன்னால் வரும், அதனால் ஐ முதலில், யூ பிறகு. இந்த ஏழு எழுத்தையும் 500 ஜி.பி. நகல் முழுக்கத் தேடவிட்டேன். முதல் கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று விழுந்தது. உடனே அடுத்தது. பிறகு நிற்கவில்லை. சுற்றிலும் ஆங்கிலக் குப்பை போலத் தெரிந்த வரிகளைப் பாமினியில் போட்டதும் ‘செக்குபந்தி’ என்ற சொல் எழுந்து வந்தது. நாற்காலியிலிருந்து நானும் எழுந்துவிட்டேன்.

வேர்டில் திறக்காத துண்டுகளிலிருந்து எழுத்தை மட்டும் உருவி அடுக்கினேன். சில பத்திரங்களில் நடுவே ஓட்டை. இந்தக் காலத்து டிஸ்க்கில் ஒரு இடம் கெட்டால் ஒரே அடியாக 4,096 எழுத்து போகும், கிட்டத்தட்ட இரண்டு பக்கம். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சரியாகச் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, இருந்த இடம் காணவில்லை. பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலும் கீழும் படித்தார். “வடக்கே ஏரிக்கால்வா. தெக்கே அவங்க சித்தப்பா நெலம். கெழக்கே வண்டிப்பாதை. மேற்கேதான் தம்பி... மேற்கே ஒரு புளியமரம் எல்லைக்கல்லோட நிக்கும்.” அவர் சொல்லச்சொல்ல நான் தட்டினேன். இந்த முறை யூனிகோடில்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் பொதுத்தரம் வகுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அச்சகங்களிலும் பத்திர எழுத்தர்களிடமும் பழைய எழுத்துருக்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடின, இன்னும் ஓடுகின்றன. கடை கடைக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. டிஸ்க்கைப் பிழைக்கவைத்த பிறகும் எழுத்துரு கிடைக்காமல் படிக்க முடியாத நாவல் ஒன்று என்னிடம் நான்கு மாதம் இருந்தது. எழுதியவரின் பழைய டிடிபி ஆபரேட்டர் ஒரு ஃப்ளாப்பியில் அந்த எழுத்துருவை வைத்திருந்ததால் பிழைத்தது. அதனால்தான் பழைய எழுத்துருக்களை நான் டோனர் டிஸ்க் போலவே சேர்த்து வைத்திருக்கிறேன். நூற்றெண்பது இருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பேன்.

இப்போது வருகிற லேப்டாப்புகளில் சுழல்கிற தட்டே இல்லை. எஸ்எஸ்டி சாகும்போது முனகுவதில்லை, துருவுவதில்லை. நேற்றுவரை ஓடியது இன்றைக்கு டிடெக்ட் ஆகாது. அழித்த ஃபைலின் இடத்தை டிரிம் என்ற கட்டளை வழியாக அதுவே துடைத்துவிடும்; சிக்மாவும் கிடையாது, மிச்சமும் கிடையாது. போதாததற்கு முழு டிஸ்க்கும் பூட்டில் இருக்கும், சாவி செத்துப்போன போர்டில் இருக்கும். வேகமானது, பஸ் குலுக்கலைத் தாங்குவது, எல்லாம் சரி. இருந்தாலும் பத்து டிஸ்க்கில் ஏழெட்டைத் திருப்பிக் கொடுத்த நான், இப்போது பல பேரிடம் மெல்லிய குரலில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிப் பழகவில்லை.

போன தை மாதம் கடையில் ஒரு பையன் சேர்ந்தான், டிப்ளமோ முடித்தவன். எஸ்எஸ்டிக்குப் பிறகு கம்ப்யூட்டர் தொட்டவன், டிஸ்க் சத்தமே கேட்டதில்லை. ஒரு மத்தியானம், டேட்டா எல்லாம் எப்போதோ எடுத்து முடித்த, யாரும் கேட்டு வராத பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். காதைக் கிட்டே வைக்கச் சொன்னேன். தட்டு சீறி எழுந்தது. ஒரு டிக். இடைவெளி. இன்னொரு டிக்.

“என்னமோ தேடுதுண்ணே” என்றான்.

மூன்றாவது டிக் கேட்டதும், நான் சொல்வதற்கு முன்னால், அவனே கை நீட்டிக் கரண்ட்டைப் பிடுங்கினான்.